இரண்டும் ஒன்றுதானா? பிரபலங்களின் பேச்சும் அறச் சமன்பாடு என்ற வாதமும்

ஒரு கட்சிக்கு நெருக்கமான பிரபலம் ஒருவர் வரம்பு மீறிப் பேசிவிடுகிறார். கட்சியிடம் செய்தியாளர்கள் விளக்கம் கேட்கிறார்கள். பேச்சைப் பற்றிய பதில் வருவதற்கு முன்பே, "அந்தக் கட்சிக்கு வேண்டிய இன்னாரும் இப்படித்தானே பேசினார், அப்போது ஏன் கேட்கவில்லை?" என்ற எதிர்க்கேள்வி வந்து விழுகிறது. அதன் பிறகு முதலில் பேசியவரும் அவரால் புண்பட்டவரும் விவாதத்திலிருந்து காணாமல் போகிறார்கள். இரண்டு பேச்சுகளும் ஒன்றா, இல்லையா என்பது மட்டுமே வழக்காகிவிடுகிறது. ஒன்றுதான் என்பவரும் ஒன்றல்ல என்பவரும் எதை எதனோடு, எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறார்கள் என்று சொல்வதில்லை. சொல்லாததால்தான் இந்த விவாதம் எத்தனை முறை நடந்தாலும் ஓர் அடிகூட நகர்வதில்லை.

இதைப் புரிந்துகொள்ள 2012-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் காலத்தில் வெடித்த ஒரு சர்ச்சை மிகவும் உதவும். அதில் குடியரசுக் கட்சிக்கு நெருக்கமான வானொலித் தொகுப்பாளர் ரஷ் லிம்பா ஒரு பக்கமும், ஜனநாயகக் கட்சியின் அதிபர் ஒபாமாவை ஆதரித்த தொலைக்காட்சி நகைச்சுவையாளர் பில் மாஹர் மறுபக்கமும் தராசுத் தட்டுகளில் வைக்கப்பட்டார்கள். அதற்கு முன் சில அடிப்படைகளைப் பார்த்துவிடலாம்.

உடைந்த கண்ணாடியும் உடைந்த பூந்தொட்டியும்

பக்கத்து வீட்டுச் சிறுவன் அடித்த பந்து உங்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவன் தாயிடம் போய்ச் சொல்கிறீர்கள். அவர், "போன மாதம் உங்கள் பையன் எங்கள் பூந்தொட்டியை உடைக்கவில்லையா?" என்று திருப்பிக் கேட்கிறார்.

இந்த ஒரே கேள்விக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்க முடியும். இரண்டுமே தவறு, கண்ணாடிக்கு நான் பணம் தருகிறேன், தொட்டிக்கு நீங்கள் தாருங்கள் என்பது ஒன்று. அன்று வாய் மூடி இருந்த உங்களுக்கு இன்று கேட்க உரிமை இல்லை என்பது இரண்டாவது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிட்டது, இதோடு விடுங்கள் என்பது மூன்றாவது. முதலாவது நியாயமான பேச்சு. இரண்டாவது, உங்கள் நேர்மையைப் பற்றிய சரியான குற்றச்சாட்டாக இருக்கலாம், ஆனால் அதனால் கண்ணாடி ஒட்டிக்கொள்ளப் போவதில்லை. மூன்றாவது, உடைத்த இருவரையும் ஒருசேர விடுவித்துவிடுகிறது.

இரண்டு செயல்கள் நியாய அநியாயத்தில் ஒரே எடை கொண்டவை என்று கூறுவதற்கு அறச் சமன்பாடு என்று பெயர். ஐக்கிய நாடுகள் அவையில் 1981 முதல் 1985 வரை அமெரிக்கத் தூதராக இருந்த ஜீன் கிர்க்பாட்ரிக், அமெரிக்காவையும் சோவியத் ஒன்றியத்தையும் ஒரே தட்டில் வைப்பதைக் கண்டித்து இதைப் பற்றிப் பேசியதும் எழுதியதும் அரசியல் உலகில் இந்தச் சொல் பரவ ஒரு முக்கியக் காரணம். வெவ்வேறு எடை கொண்ட செயல்களை ஒன்று என்று காட்டினால் அது போலிச் சமன்பாடு. எடையைப் பற்றியே பேசாமல், கேட்டவரின் வாயை அடைக்க மட்டும் எதிர்த்தரப்பின் குற்றத்தை நீட்டுவது "அவர்கள் மட்டும் யோக்கியமா" என்ற வாதம்.

சுருக்கமாகச் சொன்னால், ஒப்பிடுவதில் பிழை ஏதும் இல்லை. சமன்பாடு உண்மையாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். அது எதற்காகச் சொல்லப்படுகிறது என்பது தனிக் கேள்வி. இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான விவாதங்களின் முதல் சறுக்கல்.

பிரபலத்தின் பிடி எங்கே இருக்கிறது?

பிரபலங்களின் அரசியல் செல்வாக்கு என்றவுடன், "இவருக்கு வாக்களியுங்கள்" என்று அவர் சொன்னால் ரசிகர்கள் அப்படியே போய் வாக்களிப்பார்கள் என்ற சித்திரமே நம் மனத்தில் வருகிறது. உண்மையில் பிடி அதைவிடக் கட்சித் தலைமையின் மீதுதான் அதிகமாக விழுகிறது. ஒருவரைக் கண்டித்தால் எதை இழக்க நேரிடும் என்று கட்சி கணக்குப் போடுகிறது அல்லவா, அந்த இழப்பின் அளவே அவருடைய செல்வாக்கின் அளவு.

லிம்பாவின் கதையைப் பாருங்கள். சர்ச்சைக்குரிய விஷயங்களில் மாற்றுக் கருத்துகளுக்கும் இடம் தர வேண்டும் என்று அமெரிக்க ஒலிபரப்பு நிலையங்களைக் கட்டுப்படுத்திய விதி 1987-இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலிபரப்பாகத் தொடங்கியது. பின்னாளில் அது சுமார் 600 வானொலி நிலையங்களில் ஒலித்தது. 1992-இல் அப்போதைய அதிபர் மூத்த புஷ் அவரை வெள்ளை மாளிகையில் ஓர் இரவு தங்கவைத்தார், அவருடைய பையைத் தாமே தூக்கிக்கொண்டு போனார். 1994 தேர்தலில், 40 ஆண்டுகளுக்குப் பிறகு குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியபோது, புதிதாக வென்று வந்த அக்கட்சி உறுப்பினர்கள் லிம்பாவைத் தங்கள் அணியின் கௌரவ உறுப்பினராக்கினார்கள். 2009-இல் அக்கட்சியின் தேசியக் குழுத் தலைவர் மைக்கேல் ஸ்டீல், லிம்பா வெறும் பொழுதுபோக்காளர், அவர் நிகழ்ச்சி வெறுப்பைக் கிளறுகிறது என்ற பொருளில் பேசிவிட்டுச் சில நாட்களிலேயே வருத்தம் தெரிவித்தார். கட்சித் தலைவர் வானொலித் தொகுப்பாளரிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை என்றால், பிடி யாரிடம் இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குக் காரணம் முதல்கட்டத் தேர்தல். ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை அக்கட்சியின் ஆதரவாளர்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை அது. பொதுத் தேர்தலைவிடக் குறைவான பேரே அதில் வாக்களிக்கிறார்கள், வாக்களிப்பவர்கள் தீவிரப் பற்றாளர்கள். வார நாட்களில் மூன்று மணி நேரம் ஒலித்த லிம்பாவைக் கேட்டவர்களில் பலர் இத்தகையவர்கள். அவரைப் பகைத்துக்கொள்ளும் வேட்பாளர், எதிர்க்கட்சியைச் சந்திப்பதற்கு முன்பே சொந்தக் கட்சிக்குள் தோற்றுவிட வாய்ப்பிருந்தது.

மாஹரின் பிடி வேறு வகை, அது பணம். 2010-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு சூப்பர் பேக் என்ற அமைப்புகள் தோன்றின. வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் தராமலும் அவரோடு கலந்து திட்டமிடாமலும் அவருக்காகப் பிரசாரம் செய்யும் இந்த அமைப்புகள், எவ்வளவு தொகையை வேண்டுமானாலும் நன்கொடையாகப் பெறலாம். 2012-இல் ஒரு தனிநபர் வேட்பாளருக்கு நேரடியாகத் தரக்கூடியது ஒரு தேர்தலுக்கு 2,500 டாலர் மட்டுமே. அந்த ஆண்டு பிப்ரவரி 23 அன்று, இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பான தன் மேடை நிகழ்ச்சியின் முடிவில், ஒபாமாவை ஆதரித்த சூப்பர் பேக் ஒன்றுக்கு மாஹர் 10 லட்சம் டாலர் நன்கொடை அறிவித்தார்.

ஆக, ஒருவரிடம் கட்சியின் தீவிர வாக்காளர்களின் காது இருந்தது, இன்னொருவரிடம் தேர்தல் செலவுக்கான பணம் இருந்தது. இரண்டுமே செல்வாக்குதான், ஆனால் ஒரே அளவானவை அல்ல.

2012: நடந்தது என்ன?

மாஹர் நன்கொடை அறிவித்த அதே பிப்ரவரி 23 அன்று, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி மாணவி சாண்ட்ரா ஃப்ளூக், நாடாளுமன்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் குழுவொன்றின் முன் பேசினார். கத்தோலிக்க நிறுவனமான அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் மருத்துவக் காப்பீட்டில் கருத்தடை மருந்துகள் சேர்க்கப்படவில்லை என்பதே அவர் முறையீடு. ஒரு வாரம் முன்பு நாடாளுமன்றக் குழு நடத்திய அதிகாரபூர்வ விசாரணையில் அவருக்குப் பேச வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்தது. தன் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சினைப்பையில் கட்டிகள் வரும் நோய்க்காக அதே மருந்து தேவைப்பட்டு, அது கிடைக்காமல் ஒரு சினைப்பையையே இழந்த தோழியைப் பற்றிச் சொன்னார்.

பிப்ரவரி 29 அன்று லிம்பா தன் நிகழ்ச்சியில் அந்த மாணவியை ஒழுக்கங்கெட்டவள், விலைமாது என்று பொருள்படும் சொற்களால் வசைபாடினார். மறுநாளும் விடவில்லை. மற்றவர்கள் செலவில் கருத்தடை மருந்து வேண்டும் என்றால், தன் உடலுறவுக் காட்சிகளை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடட்டும் என்றார். மூன்றாம் நாளும் தொடர்ந்தார். விளம்பரதாரர்கள் ஒவ்வொருவராக விலகத் தொடங்கிய பிறகு, மார்ச் 3 அன்று, சொற்தேர்வு சரியில்லை என்று கூறி மன்னிப்புக் கேட்டு அறிக்கை வெளியிட்டார். அதற்குப் பிறகும் கார்பனைட் போன்ற நிறுவனங்கள் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டன.

குடியரசுக் கட்சியின் முன்னணித் தலைவர்கள் பலரின் எதிர்வினை மென்று விழுங்கியதாகவே இருந்தது. அதிபர் வேட்பாளராக முந்திக்கொண்டிருந்த மிட் ராம்னி, நானாக இருந்தால் அந்த மொழியைப் பயன்படுத்தியிருக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார். அவரோடு அந்த வாய்ப்புக்குப் போட்டியிட்ட ரிக் சான்டோரம், லிம்பா அபத்தமாகப் பேசுகிறார், பொழுதுபோக்காளர் அப்படிப் பேசலாம் என்றார். பழமைவாதக் கட்டுரையாளரான ஜார்ஜ் வில்லே, இவர்கள் ஈரான் மீது குண்டு போடத் துடிக்கிறார்கள், ஆனால் ரஷ் லிம்பாவைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று தொலைக்காட்சியில் கடிந்துகொண்டார்.

அப்போதுதான் தராசின் மறுதட்டில் மாஹர் வைக்கப்பட்டார். முந்தைய ஆண்டு அவர், 2008-இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினைப் பெண்ணுறுப்பைக் குறிக்கும் வசைச்சொற்களால் இழிவுபடுத்தியிருந்தார். மாஹரின் பணத்தை ஒபாமாவின் ஆதரவு அமைப்பு திருப்பித் தருமா என்று குடியரசுக் கட்சியினர் கேட்டார்கள். அந்த அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான பில் பர்ட்டன், ஒரு நகைச்சுவையாளர் தன் தொழில் வாழ்வில் சொன்னவற்றையும், குடியரசுக் கட்சியின் நடைமுறைத் தலைவர் ஒரு பெண்ணைப் பாலியல் ரீதியில் இழிவுபடுத்தியதையும் சமம் என்பது பொருளற்றது என்று வாதிட்டார். பணம் திருப்பித் தரப்படவில்லை.

எந்த அளவுகோலால் எடை போடுவது?

ஒன்றா, இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்கு இங்கே விடை கிடையாது. அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் விடை கிடைக்கிறது.

முதலில், சொல்லும் செயலும். சொல்லளவில் மாஹரின் வசை லிம்பாவின் வசைக்குச் சற்றும் குறைந்ததல்ல. கருத்தை எதிர்க்கத் தெரியாமல் பெண்ணின் உடலை இழுப்பது இரண்டிலும் ஒன்றே. இதை மறுப்பவர் நேர்மையாகப் பேசவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் செயலளவில் வேறுபாடு உண்டு: லிம்பா ஒருவரை இலக்காக்கி மூன்று நாட்கள் தொடர்ந்தார், அவர் சொல்லாததைச் சொன்னதாகத் திரித்தார்.

இரண்டாவது, இலக்கு யார் என்பது. பேலின் ஆளுநராக இருந்தவர், துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டவர், பதிலடி கொடுக்க ஆயிரம் மேடைகள் உள்ளவர். ஃப்ளூக் அன்று ஒரு மாணவி, பொது விவகாரத்தில் ஒரு முறை வாய் திறந்தவர். மாஹரும் தன் தரப்பாக இந்த வேறுபாட்டையே முன்வைத்தார். இது உண்மையான வேறுபாடு, ஏனென்றால் சாதாரணக் குடிமகள் ஒருத்தியை இப்படித் தண்டித்தால், அடுத்து முறையிட வருபவரும் அஞ்சிப் பின்வாங்குவார். ஆனால் இந்த வாதம் நீளும் தூரத்துக்கும் எல்லை உண்டு. பேலின் அரசியல்வாதி என்பதால் அவருடைய அரசியலை எவ்வளவு கடுமையாகவும் தாக்கலாம். அவர் பெண் என்பதைத் தாக்க அது அனுமதி தராது. தேசியப் பெண்கள் அமைப்பு, பேலினின் கொள்கைகளை அறவே ஏற்காதபோதும், 2011-இலேயே மாஹரின் சொல்லைக் கண்டித்தது. யாருக்காக, யார் மீது என்று பாராமல் அளவுகோலைப் பயன்படுத்துவது அதுதான்.

மூன்றாவது, கட்சியோடு உள்ள உறவு. இங்கே பர்ட்டன் பாதி சரி. கட்சித் தலைவரையே மன்னிப்புக் கேட்க வைத்தவரும், ஒரு காசோலை கொடுத்தவரும் கட்சிக்குள் ஒரே இடத்தில் இல்லை. ஆனால் 10 லட்சம் டாலரை வாங்கி வைத்துக்கொண்டு அவர் வெறும் நகைச்சுவையாளர் என்று சொல்வது பொருந்தவில்லை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சான்டோரம் லிம்பாவைப் பொழுதுபோக்காளர் என்றார், பர்ட்டன் மாஹரை நகைச்சுவையாளர் என்றார். ஆதரவு தேவைப்படும்போது ஒருவரைக் கருத்துத் தலைவராக ஏற்றிவைத்து, அவருக்காகப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் வேடிக்கை காட்டுபவராக இறக்கிவிடுவதை இரு தரப்பும் தயங்காமல் செய்தன. அந்த வகையில் சமன்பாடு முழு உண்மை. பொழுதுபோக்காளர் என்று 2012-இல் சொல்லப்பட்ட அதே லிம்பாவுக்கு, 2020 பிப்ரவரி 4 அன்று நாடாளுமன்றத்தில் அதிபர் ட்ரம்ப் ஆண்டு உரை நிகழ்த்தும் நடுவிலேயே நாட்டின் உயரிய குடிமக்கள் விருது அணிவிக்கப்பட்டது.

நான்காவது, பிறகு என்ன நடந்தது என்பது. 2011 மே மாதம், ஜனநாயகக் கட்சிச் சார்புள்ள தொகுப்பாளர் எட் ஷுல்ட்ஸ், பழமைவாதத் தொகுப்பாளர் லாரா இங்கிரகாமைக் குறித்து, பின்னாளில் லிம்பா பயன்படுத்திய அதே இழிசொல்லைப் பயன்படுத்தினார். மறுநாளே தொலைக்காட்சியில் தோன்றித் தான் செய்தது இழிவானது என்று மன்னிப்புக் கேட்டார், சம்பளமின்றிப் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். சொல் ஒன்றே, கணக்குத் தீர்க்கப்பட்ட விதம் வேறு. "ஷுல்ட்ஸ் பேசவில்லையா?" என்று லிம்பாவுக்காகக் கேட்டவர்களுக்கு, பேசினார், அதற்கான விலையையும் கொடுத்தார் என்பதே முழுமையான பதில்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால், சொல்லின் இழிவில் இருவரும் சமம், இலக்கிலும் கட்சி மீதான பிடியிலும் லிம்பாவின் தட்டு தாழ்கிறது, பொறுப்பைத் தட்டிக்கழித்ததில் இரு கட்சிகளும் சமம். இதை ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாது.

எல்லோரையும் கண்டித்து யாரையும் கண்டிக்காமல் இருப்பது

போலிச் சமன்பாடு எப்போதும் "அவர் மட்டும்?" என்ற கேள்வியாக வருவதில்லை. நடுநிலையின் உடையிலும் வரும், அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

அதே 2012-இல் ராக் இசைக் கலைஞர் டெட் நுஜென்ட் ராம்னிக்கு ஆதரவு அறிவித்திருந்தார். ஏப்ரலில், துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியச் சங்க மாநாட்டில், ஒபாமா மீண்டும் வென்றால் அடுத்த ஆண்டு இந்நேரம் தான் செத்திருப்பேன் அல்லது சிறையில் இருப்பேன் என்று பேசினார். அதிபரின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ரகசியச் சேவைத் துறை அவரை அழைத்து விசாரித்தது. ராம்னியின் செய்தித் தொடர்பாளர் அளித்த பதில், பிளவுபடுத்தும் பேச்சு எந்தக் கட்சியிடமிருந்து வந்தாலும் வெறுக்கத்தக்கதே என்பதுதான்.

இந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதில் நுஜென்ட் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. கேள்வி ஒரு குறிப்பிட்ட மனிதரைப் பற்றியது, பதிலோ உலகத்தைப் பற்றியது. இரு தரப்பிலும் என்று தொடங்கும் கண்டனம் பெயரைச் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் அது கண்டனம். சொல்லாவிட்டால், பேசியவரின் ரசிகர்களையும் இழக்காமல், நாகரிகமானவர் என்ற பெயரையும் இழக்காமல் கேள்வியைக் கடந்துபோகும் வழி.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. போலிச் சமன்பாடு என்ற சொல்லைக் கற்றுக்கொண்டவர்கள், தங்கள் தரப்பின் குற்றம் சுட்டிக்காட்டப்படும் ஒவ்வொரு முறையும் அதையே கேடயமாக நீட்டுகிறார்கள். ஒப்பிடவே கூடாது என்று தடுப்பதும் தப்பிக்கும் வழிதான். வேறுபாடு இருக்கிறது என்று சொல்பவர் அது எந்த அளவுகோலில், எவ்வளவு என்று காட்டக் கடமைப்பட்டவர்.

இன்னொரு வழக்கில் பொருத்திப் பார்த்தால்

2018 மே 29 அன்று, ட்ரம்பின் ஆதரவாளரான நடிகை ரோசேன் பார், ஒபாமாவின் முன்னாள் ஆலோசகரும் கறுப்பினப் பெண்ணுமான வேலரி ஜாரெட்டைக் குரங்கினத்தோடு இணைத்து ட்விட்டரில் எழுதினார். சில மணி நேரத்தில் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம், பார்வையாளர் எண்ணிக்கையில் உச்சத்தில் இருந்த அவருடைய தொடரை நிறுத்தியது. மறுநாள் இரவு நகைச்சுவையாளர் சமந்தா பீ, எல்லையில் புலம்பெயர்ந்தோரின் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுவதைக் கண்டிக்கும்போது, வெள்ளை மாளிகை ஆலோசகராக இருந்த இவாங்கா ட்ரம்ப்பை மாஹர் பேலினுக்குப் பயன்படுத்திய வகை வசைச்சொல்லால் குறிப்பிட்டார். அவர் நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று அதிபரே கேட்டார்.

இலக்கு என்ற அளவுகோலில் இங்கே பெரிய வேறுபாடு இல்லை. இருவரும் அதிகாரத்துக்கு அருகில் இருந்த பெண்கள். சொல்லில் வேறுபாடு உண்டு. கறுப்பின மக்களைக் குரங்கு என்பது, அவர்கள் மனிதர்களே அல்ல என்று அடிமைமுறையை நியாயப்படுத்திய நீண்ட வரலாற்றின் மொழி, அது ஒருவரோடு நிற்பதில்லை. பீயின் சொல் பெண்களை இழிவுபடுத்துவது, ஆனால் அவர் பேசியது அரசின் ஒரு செயலைப் பற்றி. எனவே ஏபிசியின் முடிவு கடுமையானது என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் பீயின் தரப்புக்குச் சங்கடமான ஓர் உண்மையும் இதில் இருக்கிறது. பார் எழுதியது அவர் ஒருவரின் விரலிலிருந்து வந்தது. பீயின் சொல்லோ முன்கூட்டியே எழுதப்பட்டு, பதிவுசெய்யப்பட்டு, பலர் கண்ணில் பட்ட பிறகே ஒளிபரப்பானது. எவர் வேண்டுமானாலும் அதை நிறுத்தியிருக்கலாம். பீ மறுநாள் மன்னிப்புக் கேட்டார். அதை ஒளிபரப்பிய டிபிஎஸ் அலைவரிசையும், அந்தச் சொற்கள் ஒளிபரப்பாகியிருக்கக் கூடாது, அது எங்கள் தவறும்கூட என்று அறிக்கை விட்டது. யாரையும் மறுதட்டில் வைக்காத அந்த அறிக்கைக்கு நிகராக ஒன்றை, 2012-இல் லிம்பாவுக்காகவோ மாஹருக்காகவோ பதில் சொன்னவர்களாக மேலே நாம் பார்த்த எவரும் சொல்லவில்லை.